வீட்டில் தனியாக யோகம் செய்வோரின் சிக்கல்கள்: குலசேகரம் சகோதரிக்கு ஒரு விரிவான பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பகுதியிலிருந்து நாற்பதுகளின் பிற்பாதியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. ஊரில் நடந்த பத்து நாள் யோகா முகாமில் ஒரு மணி நேரப் பயிற்சியைக் கற்றுக்கொண்டவர், முகாம் முடிந்தபின் வீட்டில் தொடர முயன்றிருக்கிறார். சில வாரங்களிலேயே அது நின்றுபோயிற்று. கணவர் ரப்பர் பால் வெட்டச் செல்பவர் என்பதால் விடியற்காலை முழுவதும் அடுக்களையில் கழிகிறது. பத்மாசனத்தில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது. குனிந்தால் கை பாதத்தை எட்டுவதில்லை. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறார். கைப்பேசியில் காணொளி பார்த்துச் செய்யலாமா, சிரசாசனம் பழகலாமா, தினமும் குடும்ப ஜெபம் நடக்கும் வீட்டில் மந்திரம் இல்லாமல் யோகம் செய்யலாமா என்றும் கேட்கிறார். நாகர்கோவில் வட்டாரத்தில் யோகம் கற்பித்துவரும் நான் இக்கேள்விகளை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆகவே இவருக்குச் சொல்லும் பதில் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நம்பிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சகோதரி, பயிற்சி நின்றுபோனதற்கு உங்கள் சோம்பலைக் காரணமாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். முகாமில் முன்னால் நின்று சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தார், பக்கத்தில் சேர்ந்து செய்ய ஆட்கள் இருந்தார்கள், அந்த ஒரு மணி நேரமும் உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இவற்றில் எதுவும் இல்லாத வீட்டிற்குள் அதே பயிற்சியை அப்படியே கொண்டுவந்தால், முதல் காய்ச்சலிலோ முதல் விருந்தாளியின் வருகையிலோ அது அறுந்துபோகத்தான் செய்யும். மேலும் அந்த வரிசை இளைஞர், முதியவர், முட்டு வலிக்காரர், ஓட்டப்பந்தய வீரர் என எல்லாரும் கலந்த ஒரு கூட்டத்திற்காக வகுக்கப்பட்டது. உங்கள் முழங்காலையும் இரத்த அழுத்தத்தையும் கருதி வகுக்கப்பட்டதன்று. வீட்டுப் பயிற்சிக்கு அளவு வேறு. 20 நிமிடம், ஏழெட்டு இயக்கங்கள், எல்லாம் உங்கள் உடம்புக்கு ஏற்றவை, தினமும் ஒரே வரிசை. இது மிகக் குறைவு என்று தோன்றலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் செய்துவிட்டு மற்ற ஆறு நாளும் விட்டுவிடுகிறவரைவிட, தினமும் 20 நிமிடம் செய்கிறவரின் முதுகும் மூச்சும் சில மாதங்களில் தெளிவாக வேறுபட்டுத் தெரிவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

எந்த நேரம் என்பது அடுத்த கேள்வி. அதிகாலைக்குப் பெருமை உண்டு, ஐயமில்லை. வயிறு காலியாக இருக்கும், வீடு அமைதியாக இருக்கும். ஆனால் குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் பால் வெட்டும் வீடுகளில் விடியலுக்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. அந்த வீட்டுப் பெண்ணிடம் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து ஆசனம் செய்யுங்கள் என்று சொல்வது அவருடைய உறக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்குவதாகும். உறக்கத்தைக் குறைத்துச் செய்யும் யோகத்தால் இரத்த அழுத்தத்திற்கு நன்மை இல்லை. கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், நீங்கள் காலை உணவு சாப்பிடும் முன் ஓர் இடைவெளி கிடைத்தால் அதுவே உங்களுக்கு உரிய நேரம். கட்டன் சாயா குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுத்தால் போதும். அது இயலாதென்றால் மாலை ஐந்து மணி, குடும்ப ஜெபத்திற்கு முன்னால். மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வயிறு நிறையச் சாப்பிட்ட நாளில் நான்கு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். கஞ்சியும் பயறும் என்றால் மூன்று மணி நேரம் போதும். எந்த நேரத்தைத் தேர்ந்தாலும், கடிகாரத்தோடு கட்டுவதைவிட ஒரு வேலையின் முடிவோடு கட்டுவது வீட்டில் நன்றாக நிலைக்கிறது: பாத்திரம் கழுவி முடித்ததும் விரிப்பை விரிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நினைவூட்ட வேறெதுவும் தேவைப்படாது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையையும் காலையும் நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும். ஆனால் மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்து 2015 முதல் கொண்டாடப்படும் உலக யோகா தினம் ஜூன் 21-இல் வருகிறது; அன்று உற்சாகமாகத் தொடங்குவோர் பலர். நம் மாவட்டத்தில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். அது ஓய்ந்து சிறிது காலத்திற்குள் ஐப்பசி மழையும் வந்துவிடும். ஓடு பதித்த தரை ஈரம் பூத்து வழுக்கும், அதன்மேல் போட்ட கோரைப்பாய் காலோடு சேர்ந்து நகரும். நின்று செய்யும் ஆசனங்களைப் பாயில்லாமல் துடைத்த தரையில் வெறுங்காலுடன் செய்யுங்கள். படுத்துச் செய்பவற்றுக்குத் தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் விரிப்பு வாங்கியிருந்தால் மழைக்காலத்தில் சுருட்டி வைக்காமல் நிழலில் தொங்கவிடுங்கள், பூசணம் பிடிக்காது. மழைநாள் காலையில் உடம்பு இறுகியிருப்பது இயல்பே. அன்று முதல் ஐந்து நிமிடத்தைக் கணுக்கால், மணிக்கட்டு, தோள் ஆகியவற்றை மெல்லச் சுழற்றுவதற்குக் கொடுத்துவிடலாம்.

இனி இப்பதிலின் மையத்திற்கு வருகிறேன். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது நாம் சரியாகச் செய்கிறோமா என்பதை எதைக்கொண்டு அறிவது? வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. கண்ணாடி முன் நின்றாலும் முதுகை நாம் பார்க்க முடியாது. மூச்சைக்கொண்டு அறியலாம். சென்னையில் வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) வழியில் கற்பிக்கப்படும் முறையில், உடம்பின் ஒவ்வோர் அசைவும் ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கையை உயர்த்துவதற்குச் சற்று முன்பே மூச்சை உள்ளிழுக்கத் தொடங்கி, கை உயர்ந்து நின்றபின் அந்த மூச்சு முடிய வேண்டும். இறக்கும்போதும் அவ்வாறே வெளிமூச்சு முன்னால் தொடங்கிப் பின்னால் முடிய வேண்டும். இப்படிச் செய்தால் அசைவு தானாகவே நிதானப்படும். எப்போது மூச்சு குட்டையாகிறதோ, தொண்டையில் தட்டுகிறதோ, உங்களை அறியாமல் நின்றுவிடுகிறதோ, அப்போது உங்கள் எல்லையைக் கடந்துவிட்டீர்கள் என்று பொருள்; உடனே பாதி தூரம் பின்வாங்குங்கள். நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்று பதஞ்சலி வகுத்த இலக்கணத்தில் சுகம் இருக்கிறதா என்பதை மூச்சே காட்டித்தரும். பல்லைக் கடிப்பதும், புருவம் சுருங்குவதும், கால்விரல்கள் மடங்கி இறுகுவதும் இதே செய்தியைச் சொல்லும் வேறு அடையாளங்கள்.

பத்மாசனத்திற்கும் முழங்காலுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகப் புரிந்துகொள்வது உங்களுக்கு மிக முக்கியம். கால் மடங்கிப் பாதம் எதிர்த்தொடைமேல் ஏறுவதற்கு வேண்டிய சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். முழங்கால் பெரும்பாலும் மடங்கவும் நீளவுமே அமைந்த மூட்டு; பக்கவாட்டுச் சுழற்சி அதற்குச் சிறிதளவே உண்டு. இடுப்பு மூட்டு திறக்காத நிலையில் பாதத்தைக் கையால் பிடித்து இழுத்து மேலே ஏற்றினால், குறைபடும் சுழற்சி முழுவதையும் முழங்கால் தர வேண்டியதாகி, உள்ளே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்குகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் குருத்தெலும்பில் ஏற்படும் கிழிசல் எளிதில் ஆறுவதில்லை. எனவே பத்மாசனத்தை இப்போது விட்டுவிடுங்கள். இதனால் யோகத்தில் உங்களுக்கு எந்தக் குறையும் வராது. சாதாரணமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். முழங்கால்கள் இடுப்பெலும்பைவிட உயரமாக நிற்கின்றன என்றால், அடுக்களையில் இருக்கும் மணைப்பலகையின்மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டு அதன் விளிம்பில் அமருங்கள். இருக்கை உயர்ந்ததும் முழங்கால்கள் கீழிறங்கும், முதுகு தானாக நிமிரும். அப்போதும் வலித்தால் கைப்பிடி இல்லாத நாற்காலியில் பாதங்கள் தரையில் பதிய உட்காருங்கள். முதுகு நேராக இருக்கும்வரை பிராணாயாமத்திற்கும் தியானத்திற்கும் நாற்காலி எவ்வகையிலும் தாழ்ந்த இருக்கையன்று. முழங்கால்களை மடக்கிக் குதிகால்கள்மேல் அமரும் வஜ்ராசனத்தையும் முட்டு வலி தீரும்வரை தவிர்த்துவிடுங்கள்.

முட்டு வலிக்கு மடக்குவதைவிடத் தொடைத் தசையை வலுப்படுத்துவதே பயன் தரும். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை வெளிவிட்டபடி ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுகுவதை உணர்ந்து, உள்மூச்சில் இறக்குங்கள்; ஒரு காலுக்குப் பத்து முறை. இதை ஆசனம் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் உங்கள் வயதில் இருக்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

பாதத்தை எட்டவில்லை என்ற கவலையையும் இதே முறையில் பார்க்க வேண்டும். கால்களை நீட்டி அமர்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் பெரும்பாலோர் செய்வது என்னவென்றால், விரலைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் முதுகை வில்லாக வளைத்துத் தலையை முழங்காலை நோக்கி இழுப்பது. அப்போது இடுப்பு அசையாமல் அப்படியே இருக்க, இடுப்பு முதுகெலும்பின் வட்டுகள்மீது முழு அழுத்தமும் விழுகிறது. தொடையின் பின்தசை சிறிதும் நீள்வதில்லை. மடித்த போர்வையின் விளிம்பில் அமர்ந்து, முழங்கால்களைச் சற்றே மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு துவர்த்தை (துண்டை) உள்ளங்கால்களைச் சுற்றிப் போட்டு இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். உள்மூச்சில் மார்பை உயர்த்துங்கள். வெளிமூச்சில் தொப்புள் தொடையை நோக்கிச் செல்வதாக எண்ணி இடுப்பிலிருந்து சாயுங்கள். நான்கு விரற்கடைதான் முன்னால் வந்திருப்பீர்கள். ஆனால் நீள வேண்டிய தசை நீளத் தொடங்கியிருக்கும். வட்டு விலகல் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தாலோ, எலும்பு அடர்த்தி குறைந்திருந்தாலோ இந்த ஆசனம் அறவே வேண்டாம்; படுத்தபடி ஒரு காலைத் துவர்த்தால் உயர்த்திப் பிடிப்பதே அதற்கு மாற்று.

சிரசாசனம் வேண்டாம். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுப்பவர், கண்ணழுத்த நோய் உள்ளவர், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர் ஆகியோர் தலைகீழ் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று கண் மருத்துவர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். தோள்களை ஊன்றி உடம்பை மேலே உயர்த்தும் சர்வாங்காசனமும் உங்களுக்கு இப்போது உகந்ததன்று. அது தைராய்டைக் குணமாக்கும் என்று கேள்விப்பட்டு மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும், மூச்சை அடக்கும் கும்பகத்தையும் விலக்குங்கள். தலை இதயத்திற்குக் கீழே போகும்படி நெடுநேரம் குனிந்து நிற்பதும் வேண்டாம். படுத்த நிலையிலிருந்து எழும்போது ஒருக்களித்து, கையூன்றி, சிறிது நேரம் உட்கார்ந்தபின் எழுங்கள். அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென எழுந்தால் தலைசுற்றல் வருவது உண்டு. பயிற்சி தொடங்கிச் சில மாதங்களில் அளவுகள் இறங்கியிருப்பதாகத் தெரிந்தால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல் அந்த அளவுகளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கான 20 நிமிட வரிசையை இப்படி வகுக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் வைத்து, வயிற்றின்மேல் கையை வைத்தபடி இரண்டு நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். பின் உள்மூச்சில் இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுசென்று வெளிமூச்சில் திரும்பக் கொண்டுவருவது ஆறு முறை. அதே நிலையிலிருந்து உள்மூச்சில் இடுப்பை மெல்ல உயர்த்தி வெளிமூச்சில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தரையில் படும்படி இறக்குவது, அதாவது சேது பந்தாசனம், ஆறு முறை. ஒவ்வொரு காலாகத் துவர்த்தால் உயர்த்தி, மூச்சோடு சிறிது மடக்கி நீட்டுவது. குப்புறப் படுத்து, கைகளால் தள்ளாமல் முதுகின் வலிமையால் மார்பை மட்டும் சற்றே உயர்த்தும் புஜங்காசனம் நான்கு முறை. திரும்ப மல்லாந்து, தொடையைப் பின்பக்கமிருந்து பிடித்து முழங்கால்களை வயிற்றை நோக்கி மெல்ல இழுத்து முதுகை ஆற்றிக்கொள்ளுங்கள். எழுந்து நின்று தாடாசனத்தில் கைகளை மூச்சோடு உயர்த்தி இறக்குவது ஆறு முறை. கைகளை மேலேயே நிறுத்திவைக்க வேண்டாம். ஜன்னல் திட்டையோ நாற்காலியின் முதுகையோ பிடித்துக்கொண்டு அரைவாசி குனிந்து நிமிர்வது ஆறு முறை. பிறகு கெண்டைக்கால்கள் நாற்காலியின் மேல் இருக்கும்படி படுத்து ஐந்து நிமிடம் சவாசனம். கடைசியாக நாற்காலியில் அமர்ந்து, மனத்திற்குள் நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து ஆறு எண்ணும்வரை வெளிவிடும் மூச்சு பன்னிரண்டு சுற்று. சவாசனத்தை நேரமில்லை என்று வெட்டிவிடுகிறவர்கள் அதிகம். அன்று வெட்ட வேண்டியிருந்தால் நின்று செய்பவற்றை வெட்டுங்கள்; சவாசனத்தை வெட்டுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

காணொளியைப் பொறுத்தவரை, அதைப் பார்க்கலாம். பார்த்துக்கொண்டே செய்யக் கூடாது. திரையில் இருப்பவர் உங்களைப் பார்ப்பதில்லை, அவருடைய மூச்சின் நீளம் உங்களுடையதில்லை, கண் திரையை நாடுவதால் கழுத்து எப்போதும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். முதல்நாள் பார்த்து, வரிசையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அதே கைப்பேசியால் செய்யக்கூடிய நல்ல உதவி ஒன்று உண்டு: மாதம் ஒருமுறை வீட்டில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து உங்களைப் படம் பிடிக்கச் சொல்லி, அதை ஒரு ஆசிரியரிடம் காட்டுங்கள். நேரில் கற்க விரும்பினால், ஏக்நாத் ரானடே 1972-இல் கன்னியாகுமரியில் நிறுவிய விவேகானந்த கேந்திரம் யோகப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவும் இருக்கிறது, உங்களுக்கு அருகிலுள்ளதில் கேட்டுப் பாருங்கள். வர்ம ஆசானிடம் எண்ணெய்த் தடவல் சிகிச்சையில் இருக்கும் நாட்களில் மட்டும் தசைகளை இழுக்கும் ஆசனங்களை நிறுத்திவைத்து, எப்போது தொடங்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மந்திரம் பற்றிய உங்கள் தயக்கத்தை மிகுந்த மரியாதையோடு அணுகுகிறேன். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏறத்தாழச் சரிபாதியாக வாழும் நம் மாவட்டத்தில் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. மேலே சொன்ன பயிற்சி எதற்கும் மந்திரம் தேவையில்லை. மூச்சின் அளவை எண்ணால் எண்ணலாம். யோக மரபு இந்திய ஆன்மிக மரபோடு பிணைந்து வளர்ந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் முட்டுக்கும் முதுகுக்கும் மூச்சுக்கும் நீங்கள் செய்யும் இப்பயிற்சி யாருடைய ஜெபத்திற்கும் இடையூறாக நிற்காது. பயிற்சி முடிந்து அமைதியாக அமர்ந்திருக்கும் அந்த நேரத்தில் உங்கள் ஜெபத்தையே சொல்லிக்கொள்ளலாம். என்னிடம் பயின்ற பலர் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் மனச்சாட்சிக்கு உறுத்தும் எதையும் ஓர் ஆசிரியர் கட்டாயப்படுத்தினால் அவரிடம் மறுத்துச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வலியை வகைபிரித்து அறியக் கற்றுக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்கியபின் இரண்டாம் மூன்றாம் நாள் தசைகளில் பரவலாக ஒரு நோவு இருந்தால் அது இயல்பு, தானே தீரும். மூட்டுக்குள் குத்துவது, ஒரே புள்ளியில் சுளீரென்று இழுப்பது, காலில் மரத்துப்போவது, இடுப்பிலிருந்து கால்வரை மின்னல்போல் ஓடுவது ஆகியவை இயல்பல்ல. அந்த ஆசனத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சில வாரங்கள் கழித்து முன்னேற்றமே தெரியவில்லை என்ற சலிப்பு வரும். இந்த இடத்தில்தான் பலர் புதிய ஆசனங்களைத் தேடிப் போகிறார்கள். முன்னேற்றத்தை ஆசனத்தில் தேடாமல் வீட்டு வேலையில் தேடிப் பாருங்கள்: தரையிலிருந்து எழும்போது கையூன்ற வேண்டியிருக்கிறதா, கிணற்றடியில் குனிந்து நிமிர்ந்தபின் இடுப்பு எப்படி இருக்கிறது, படியேறியதும் பேச முடிகிறதா, இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள். இவை மாறியிருந்தால் வரிசையில் ஓர் இயக்கத்தைக் கூட்டலாம். மாதத்திற்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இடைவெளி விழாமல் இருக்காது. கல்யாண வீடு, துக்க வீடு, ஊர்த் திருவிழா, காய்ச்சல், மாதவிலக்கின் வலி மிகுந்த நாட்கள் என்று ஏதாவது வரும். எழுந்திருக்கவே முடியாத நாளில் நாற்காலியில் அமர்ந்து அந்தப் பன்னிரண்டு சுற்று மூச்சை மட்டும் செய்யுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. ஒரு வாரத்திற்கு மேல் விட்டுப்போயிருந்தால், விட்டதைச் சேர்த்துப் பிடிக்க முயலாமல் முதல் மூன்று நாளும் படுத்துச் செய்பவற்றையும் சவாசனத்தையும் மட்டும் செய்து, நான்காம் நாளிலிருந்து முழு வரிசைக்குத் திரும்புங்கள்.